மைசூரில் கேஸ் போடும் முன் ஒரு தாள் கணக்கு

வீட்டுக்காரர் அட்வான்ஸைத் திருப்பித் தர மறுக்கிறார். கைமாற்று வாங்கியவர் போனை எடுப்பதில்லை. ஆறு மாதத்தில் நின்றுபோன வாஷிங் மெஷினுக்குக் கடைக்காரர் கம்பெனியைக் கைகாட்டுகிறார், கம்பெனி கடைக்காரரைக் கைகாட்டுகிறது. “கேஸ் போட்டுவிடுவேன்” என்று சொல்லக் காசு ஆகாது, போட்டால் ஆகும். எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டியே கணக்குப் பார்ப்பவர்கள் குறைவு. சிலர் வக்கீல் கேட்கும் முதல் தொகையையே மொத்தச் செலவு என்று நினைத்து இறங்கிவிடுகிறார்கள். வேறு சிலர் கோர்ட் என்றாலே பயந்துபோய், சல்லிக்காசு செலவில்லாமல் கிடைத்திருக்கக்கூடிய பணத்தையும் கைகழுவிவிடுகிறார்கள். மைசூரில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களை மனத்தில் வைத்து எழுதிய குறிப்புகள் இவை. ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

1. தாளின் முதல் வரியில், பணம் எந்த வகையில் போனது என்று எழுதுங்கள். தொகை அப்புறம். ஒரே 60,000 ரூபாய்க்கு, எந்த வாசலில் நுழைகிறீர்கள் என்பதைப் பொறுத்துச் செலவு அடியோடு மாறும். காசு கொடுத்து வாங்கிய பொருளிலோ சேவையிலோ குறை என்றால் நுகர்வோர் ஆணையம். வீட்டு அட்வான்ஸ், கைமாற்று, புரோநோட்டு என்றால் சிவில் நீதிமன்றம் அல்லது சிறு வழக்குகள் நீதிமன்றம். செக் திரும்பி வந்திருந்தால் மாஜிஸ்திரேட் கோர்ட். சம்பளப் பாக்கி என்றால் முதலில் தொழிலாளர் துறை அலுவலகம். வங்கி, காப்பீடு, மின்சாரம், குடிநீர், தொலைபேசி என்றால் கட்டணமே இல்லாத வேறு வழிகள் இருக்கின்றன. அவை பின்னால் வருகின்றன.

2. நுகர்வோர் வழக்கில் 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2020 இல் வந்த விதிகள் இப்படிச் சொல்கின்றன. 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400, 50 லட்சம் வரை 1,000. அதற்கு மேல் போனால் மாவட்ட ஆணையத்தில் எடுக்க மாட்டார்கள். மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். ஒரு சாதாரணக் குடும்பம் வாங்கும் ஃபிரிட்ஜ், சோபா, பட்டுப்புடவை, பயிற்சி வகுப்பு, கல்யாண மண்டபம் எல்லாமே பெரும்பாலும் முதல் வரம்புக்குள் அடங்கிவிடும்.

இந்த வரம்பை உங்கள் நஷ்டஈட்டுக் கோரிக்கையை வைத்துக் கணக்கிட மாட்டார்கள். பொருளுக்கு நீங்கள் கொடுத்த விலைதான் கணக்கு. 40,000 ரூபாய் ஃபிரிட்ஜுக்கு மன உளைச்சல், அலைச்சல் என்று சேர்த்து 6 லட்சம் கேட்டாலும் கட்டணம் இல்லை. அதற்காக 6 லட்சம் கேட்டுவிடாதீர்கள். மிகைப்படுத்திய கோரிக்கை நியாயமான பகுதியின் மேலும் சந்தேகத்தை வரவழைக்கும்.

3. நுகர்வோர் வழக்கை நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். பழைய சட்டத்தில் எதிராளி இருக்கும் இடம் அல்லது சம்பவம் நடந்த இடம் என்று தேட வேண்டியிருந்தது. இப்போது சென்னைக் கடையிலிருந்து ஆன்லைனில் வரவழைத்த பொருளுக்கும் மைசூரு மாவட்ட ஆணையத்திலேயே புகார் தரலாம். போக்குவரத்துச் செலவு என்ற வரியில் இதுவே பெரிய மிச்சம். இணையத்தில் தாக்கல் செய்ய முன்பு இ-தாக்கில் என்ற தளம் இருந்தது. 2025 ஜனவரி முதல் இ-ஜாக்ரிதி அந்த இடத்துக்கு வந்துவிட்டது. வக்கீல் கட்டாயம் இல்லை. கெடு 2 ஆண்டு.

தாக்கலுக்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் ஒரு புகாரைப் பதிந்துவைப்பது நல்லது. பெரிய கம்பெனிகள் பல அந்தக் கட்டத்திலேயே இறங்கிவருவதுண்டு. உள்ளூரில் ஆலோசனை வேண்டுமென்றால் மைசூரு கிராஹகர பரிஷத் என்ற தன்னார்வ அமைப்பு நெடுநாளாக நுகர்வோர் விவகாரங்களைப் பேசிவருகிறது. அவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

4. இனி சிவில் வழக்கு. இங்கேதான் கைக்காசு கரையும். கர்நாடகத்தில் கோர்ட் ஃபீ 1958 ஆம் ஆண்டு கர்நாடக நீதிமன்றக் கட்டணம் மற்றும் வழக்கு மதிப்பீட்டுச் சட்டத்தின்படி வசூலாகிறது. பணம் கேட்கும் வழக்குக்குப் படிப்படியான விகிதம்:

முதல் 15,000 ரூபாய் வரை நூற்றுக்கு இரண்டரை.
15,000 முதல் 75,000 வரை: 375 ரூபாயும், 15,000க்கு மேற்பட்ட தொகையில் நூற்றுக்கு ஏழரையும்.
75,000 முதல் இரண்டரை லட்சம் வரை: 4,875 ரூபாயும், 75,000க்கு மேற்பட்டதில் நூற்றுக்கு 7ம்.
இரண்டரை லட்சம் முதல் 5 லட்சம் வரை: 17,125 ரூபாயும், இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்டதில் நூற்றுக்கு ஆறரையும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 15,000 ரூபாய்க் கைமாற்றுக்கு 375. 60,000 ரூபாய் அட்வான்ஸுக்கு 375 கூட்டல் 3,375, ஆக 3,750. ஒரு லட்சத்துக்கு 6,625. மூன்று லட்சத்துக்கு 20,375. வாடகையே இல்லாமல் மொத்தத் தொகை கொடுத்து லீஸுக்கு வீடு எடுக்கும் வழக்கம் மைசூரில் நிறைய. அப்படி 5 லட்சம் கொடுத்து, காலி செய்த பிறகு பணம் வரவில்லை என்று வழக்குப் போட்டால் கோர்ட் ஃபீ மட்டும் 33,375 ரூபாய். லீஸ் பேசும் நாளில் யாரும் இதை நினைத்துப் பார்ப்பதில்லை.

தாக்கல் செய்யும் வாரத்தில் விகிதத்தை வக்கீலின் குமாஸ்தாவிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். கட்டணப் பட்டியல் சட்டமன்றத்தின் கையில் இருப்பது, மாறலாம்.

5. தமிழ்நாட்டுச் சொந்தக்காரர் சொல்லும் கணக்கு இங்கே செல்லாது. தமிழ்நாட்டில் 2017 இல் ஏழரை சதவீதத்தை 3 சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள். அங்கே ஒரு லட்சத்துக்கு 3,000 ரூபாய்; இங்கே அதே தொகைக்கு இருமடங்குக்கும் மேல். அதற்காக ஓசூரிலோ ஈரோட்டிலோ வழக்கைப் போட்டுவிட முடியாது. எதிராளி குடியிருக்கும் இடம், தொழில் நடத்தும் இடம், அல்லது கொடுக்கல் வாங்கல் நடந்த இடம், இவற்றில் ஒன்று அங்கே இருந்தால்தான் உண்டு. கடன் வாங்கியவர் நிஜமாகவே சேலத்துக்குக் குடிபோய்விட்டார் என்றால் யோசித்துப் பார்க்கலாம். ஆனால் மிச்சமாகும் கட்டணத்தைப் பஸ் டிக்கெட்டும் ரயில் டிக்கெட்டும் தின்றுவிடும்.

6. பழைய வட்டியையும் சேர்த்துக் கேட்டால், அதற்கும் கோர்ட் ஃபீ உண்டு. ஒரு லட்சம் அசல், வழக்குப் போடும் நாள்வரை 36,000 வட்டி என்று எழுதினால் வழக்கின் மதிப்பு 1,36,000. கட்டணம் 6,625 என்பது 9,145 ஆகிவிடும். வட்டி பற்றி எழுத்தில் ஒன்றுமே இல்லை, வாய்ப்பேச்சு மட்டும்தான் என்றால், அந்த 2,520 ரூபாயைப் போட்டு எதைப் பிடிக்கப் போகிறோம் என்று வக்கீலிடம் நேராகக் கேளுங்கள். வழக்கு நடக்கும் காலத்துக்கான வட்டியை நீதிபதி நியாயம் என்று தோன்றும் விகிதத்தில் கொடுக்கலாம். டிக்ரிக்குப் பிறகு, வியாபாரக் கடன் அல்லாதவற்றுக்கு ஆண்டுக்கு 6 சதவீதத்தைத் தாண்டாது. மாதம் நூற்றுக்கு 2 வட்டி, 3 வட்டி என்று மனக்கணக்குப் போட்டு வைத்திருப்பவர்கள் இந்த எண்ணை இப்போதே குறித்துக்கொள்ளட்டும்.

7. சிறு வழக்குகள் நீதிமன்றம் மைசூரில் இருக்கிறது. சென்னை, மும்பை, கொல்கத்தா மூன்றுக்கும் 1882 ஆம் ஆண்டுச் சட்டம். மற்ற ஊர்களுக்கு வெள்ளைக்காரர் காலத்தில் 1887 ஆம் ஆண்டுச் சட்டம். இந்த மாநிலத்துக்கு 1964 இல் தனியாக ஒன்று வந்தது. இங்கே விசாரணை சுருக்கமாக நடக்கும். நிலத்தின் உரிமை, பாகப்பிரிவினை போன்றவை இங்கே வராது. தொகைக்கு மேல்வரம்பு உண்டு. அதைத் திருத்திக்கொண்டே வந்திருக்கிறார்கள். உங்கள் தொகை இந்த வரம்புக்குள் வருமா என்பதைப் பிராது எழுதும் முன்பே கேளுங்கள். தவறான கோர்ட்டில் போட்டால் பிராதைத் திருப்பிக் கொடுப்பார்கள், மறுபடியும் டைப்பிங், மறுபடியும் ஜெராக்ஸ்.

செலவுக் கணக்கில் இந்த நீதிமன்றத்துக்கு ஒரு சாதகம் உண்டு. தீர்ப்பின் மேல் வழக்கமான அப்பீல் கிடையாது. உயர்நீதிமன்றத்தில் சீராய்வு மனுதான் போட முடியும். இழுத்தடிக்க நினைக்கும் எதிராளிக்கு ஒரு படி குறைகிறது. தோற்றால் உங்களுக்கும் அதே படிதான் குறைகிறது, அதையும் எழுதிவையுங்கள்.

8. வக்கீல் ஃபீஸை ஒரே தொகையாகக் கேட்காதீர்கள். நோட்டீஸுக்கு எவ்வளவு, பிராது எழுதித் தாக்கல் செய்ய எவ்வளவு, சாட்சி விசாரணைக்கு எவ்வளவு, வாதத்துக்கு எவ்வளவு, டிக்ரியை நிறைவேற்றத் தனி ஃபீஸா என்று ஐந்து கேள்வியாகப் பிரித்துக் கேளுங்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் தனியாகப் பணம் உண்டா என்பது ஆறாவது கேள்வி. பதிலை வாட்ஸப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நல்ல வக்கீல் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் வேறு வக்கீலைப் பாருங்கள்.

“இப்போது ஒன்றும் தர வேண்டாம், வரும் பணத்தில் நூற்றுக்கு இவ்வளவு கொடுங்கள்” என்று யாராவது சொன்னால் ஒதுங்கிவிடுங்கள். வழக்கின் பலனில் பங்கு பேசுவதை வக்கீல்களுக்கான பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. விதியை மீறித் தொடங்குபவர் கணக்கை எப்படி முடிப்பார் என்று தெரியாது.

9. எத்தனை பேர் மீது வழக்கு என்பதும் செலவுதான். ஒவ்வொரு பிரதிவாதிக்கும் ஒரு செட் நகல், ஒரு சம்மன், அதைக் கொண்டுசேர்க்கக் கோர்ட்டில் கட்டும் பேட்டா. கோபத்தில் வீட்டுக்காரர், அவர் மனைவி, புரோக்கர், பக்கத்து வீட்டு சாட்சி என்று நான்கு பேரையும் இழுத்தால் நாலு மடங்கு பேட்டா. நாலில் ஒருவருக்குச் சம்மன் சேராவிட்டால் வழக்கு அங்கேயே நிற்கும். பணத்தை வாங்கியவர் யார், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் யார், அவர்கள் போதும்.

10. நோட்டீஸ் அனுப்ப ஆகும் தபால் செலவைக் குறைக்கப் பார்க்காதீர்கள். ஒப்புகைச் சீட்டோடு அனுப்பிய கடிதம், பிற்பாடு ஒரு சாட்சிக்குச் சமம். 2025 இல் பதிவுத் தபாலை ஸ்பீடு போஸ்டோடு இணைத்துவிட்டார்கள். கவுண்டரில் சேர்ப்பித்ததற்கான ஒப்புகையும் வேண்டும் என்று சொல்லிக் கேளுங்கள். எதிராளி அரசாங்கம் என்றால் சிவில் வழக்குக்கு முன் 2 மாத நோட்டீஸ் கட்டாயம். தனிநபர் மீதான சாதாரணப் பண வழக்குக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை, ஆனாலும் அனுப்புவதே நல்லது. நோட்டீஸுக்கே பணம் வந்துவிட்டால் இந்தத் தாளின் மீதி வரிகளுக்கு வேலையில்லை.

11. தமிழில் எழுதிய தாளுக்கு மொழிபெயர்ப்புச் செலவு உண்டு. மைசூரில் குடியிருந்தாலும் நம்மவர்கள் கடன் பத்திரத்தையும் ரசீதையும் தமிழிலேயே எழுதிக்கொள்வார்கள். கீழ்க்கோர்ட்டில் நடப்பது கன்னடத்திலும் ஆங்கிலத்திலும். தமிழ்ப் புரோநோட்டு, தமிழ் வாட்ஸப் உரையாடல், தமிழில் எழுதிய கடிதம் எல்லாவற்றுக்கும் மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டியிருக்கும். பக்கத்துக்கு இவ்வளவு என்று கேட்பார்கள். வாட்ஸப்பில் இரண்டு வருட அரட்டையை அப்படியே அச்செடுக்காமல், கடனை ஒப்புக்கொண்ட செய்திகள் எவை என்று பிரித்து, அவற்றை மட்டும் முன்பின் தொடர்போடு எடுங்கள்.

போனில் இருப்பதைச் சாட்சியமாகக் கொடுக்க ஒரு சான்றிதழும் வேண்டும். முன்பு 65பி என்று சொல்லிவந்தது. 2024 ஜூலை முதல் பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63 ஆம் பிரிவு. அந்தப் படிவத்தில் உங்கள் பகுதி ஒன்று, நிபுணர் நிரப்ப வேண்டிய பகுதி ஒன்று. நிபுணருக்கான செலவையும் தாளில் சேருங்கள்.

12. முத்திரைத்தாளில் அன்று மிச்சம் பிடித்தது இன்று பத்து மடங்காகத் திரும்பி வரும். வாடகை ஒப்பந்தத்துக்கோ லீஸ் ஒப்பந்தத்துக்கோ கட்ட வேண்டிய முத்திரைக் கட்டணத்தைவிடக் குறைவான தாளில் எழுதியிருந்தால், அதைச் சாட்சியமாகக் காட்டும்போது நீதிபதி நிறுத்திவைக்கலாம். குறைந்த தொகையும் அதன் பத்து மடங்கு அபராதமும் கட்டினால்தான் அந்த ஒப்பந்தம் கோர்ட்டில் செல்லும். புரோநோட்டுக்கு இந்த வழிகூட இல்லை. போதிய ரெவின்யூ ஸ்டாம்ப் இல்லாத புரோநோட்டை அபராதம் கட்டியும் சரிசெய்ய முடியாது. அந்த நிலையில் வங்கிப் பரிமாற்றப் பதிவு, செய்திகள், சாட்சிகள் இவற்றை வைத்துத்தான் கடனை நிரூபிக்க வேண்டும்.

13. காலக்கெடுவை இழப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய செலவு. கைமாற்றுக்கு 3 ஆண்டு. எந்த நாளிலிருந்து என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். “கேட்கும்போது தருகிறேன்” என்று வாங்கிய கடனுக்கு, நீங்கள் கேட்ட நாளிலிருந்து அல்ல, கொடுத்த நாளிலிருந்தே 3 ஆண்டு ஓடுகிறது. கேட்டவுடன் தர வேண்டிய புரோநோட்டுக்கும் எழுதிய தேதியிலிருந்தே. சொந்தக்காரர் என்று தயங்கிக் கேட்காமல் இருந்த இரண்டு வருடமும் கணக்கில் சேரும்.

ஒரு வழி உண்டு. கெடு முடியும் முன் கடனை ஒப்புக்கொண்டு அவர் கையெழுத்திட்ட ஒரு கடிதம் கொடுத்தால், அன்றிலிருந்து புதிதாக 3 ஆண்டு. கெடுவுக்குள் ஒரு பகுதித் தொகையைக் கட்டி, அது அவர் கையெழுத்திலோ அவர் கையொப்பத்தோடோ பதிவாகியிருந்தாலும் அப்படித்தான். தசராவுக்கும் கோடைக்கும் சிவில் கோர்ட்டுகளுக்கு விடுமுறை உண்டு. கெடு விடுமுறைக்குள் முடிந்தால் கோர்ட் திறக்கும் நாளில் தாக்கல் செய்யலாம், ஆனால் அந்த ஒரு நாளை நம்பி இருக்காதீர்கள்.

14. செக் கையில் இருந்தால் கணக்கே வேறு. பணம் இல்லை என்று வங்கி திருப்பியதும், அந்தச் சீட்டு கையில் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் அவர் கட்டாவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார். சிவில் வழக்கில் வருவதுபோலத் தொகையில் நூற்றுக்கு இவ்வளவு என்ற கோர்ட் ஃபீ இங்கே இல்லை. உங்கள் கணக்கு இருக்கும் வங்கிக் கிளையின் எல்லைக்குள் போடலாம். வழக்கு நடக்கும்போதே செக் தொகையில் 20 சதவீதம் வரை இடைக்காலமாகக் கட்டச் சொல்லவும் நீதிபதிக்கு அதிகாரம் இருக்கிறது. எனவே பெரிய கைமாற்று கொடுக்கும்போது புரோநோட்டோடு ஒரு செக்கும் வாங்கிக்கொள்வது, பின்னால் பல ஆயிரம் ரூபாயை மிச்சப்படுத்தும்.

15. வங்கியோ காப்பீட்டுக் கம்பெனியோ எதிராளி என்றால் முதலில் குறைதீர்ப்பாளர். வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்தில் இணையம் வழியாக முறையிடலாம். காப்பீட்டுக்குத் தனிக் குறைதீர்ப்பாளர். கர்நாடகத்துக்கான அலுவலகம் பெங்களூரில். இரண்டுக்கும் கட்டணம் கிடையாது.

16. நிரந்தர லோக் அதாலத் மைசூரிலும் செயல்படுகிறது. பலருக்கு இது தெரியாது. மின்சாரம், குடிநீர், தபால், தொலைபேசி, பஸ் போக்குவரத்து, மருத்துவமனை, காப்பீடு போன்ற பொதுப் பயன்பாட்டுச் சேவைகளின் தகராறுகளை இங்கே கொண்டுபோகலாம். கோர்ட்டில் வழக்குப் போடும் முன் வர வேண்டும் என்பது நிபந்தனை. ஒரு கோடி ரூபாய் வரை எடுப்பார்கள். கட்டணம் இல்லை. முதலில் சமரசம் பேசுவார்கள். பேச்சு முறிந்தால் அவர்களே தீர்ப்பும் சொல்வார்கள்.

ஆண்டுக்குச் சில முறை நடக்கும் தேசிய லோக் அதாலத் வேறு. அங்கே இரு தரப்பும் ஒத்துக்கொண்டால்தான் முடியும். ஏற்கனவே கோர்ட்டில் இருக்கும் வழக்கு அங்கே முடிந்தால் கட்டிய கோர்ட் ஃபீ திரும்பக் கிடைக்கும், அப்பீலும் கிடையாது. வழக்கே போடாமல், முன்கட்டத்திலேயே விண்ணப்பம் கொடுத்து எதிராளியைப் பேச்சுக்கு அழைக்கவும் முடியும். 15,000, 20,000 ரூபாய் விவகாரங்களுக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

17. போய்வரும் நாட்களை ரூபாயாக எழுதுங்கள். கூலிக்கோ மாதச் சம்பளத்துக்கோ போகிறவருக்கு ஒரு நாள் லீவு என்றால் எவ்வளவு? அதைப் பத்தால் பெருக்கிக் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்ளுங்கள். கர்நாடக முகவரியுள்ள பெண்களுக்கு 2023 ஜூன் முதல் சக்தி திட்டத்தில் சாதாரண அரசுப் பஸ்ஸில் டிக்கெட் இல்லை. ஆண்கள் பஸ் காசையும் சேருங்கள். மைசூரில் கோர்ட் வளாகம் இரண்டு: கிருஷ்ணராஜ புலேவார்டில் பழையது, ஜெயநகர் மலலவாடியில் புதியது. உங்கள் வழக்கு எங்கே நடக்கிறது என்று பார்க்காமல் ஆட்டோ ஏறினால் இரட்டைச் செலவு. நஞ்சன்கூடு, உன்சூர், டி. நரசிபுரா போன்ற தாலுகாக்களில் உள்ளவர்கள் அங்கேயே உள்ள கோர்ட்டை முதலில் விசாரியுங்கள்.

இ-கோர்ட்ஸ் செயலியில் வழக்கின் 16 இலக்க சிஎன்ஆர் எண்ணைப் போட்டுவைத்தால் அடுத்த வாய்தா தேதி போனிலேயே தெரியும். நீங்கள் வர வேண்டிய நாள் எது, வக்கீல் மட்டும் போதும் என்ற நாள் எது என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டால் பாதி அலைச்சல் குறையும்.

18. தாளின் பின்பக்கத்தில் எதிராளியின் நிலைமையை எழுதுங்கள். டிக்ரி வாங்குவது பாதி வேலை. பணத்தை வசூலிக்க நிறைவேற்று மனு என்று இன்னொரு சுற்று இருக்கிறது. அதற்கும் பேட்டா, அதற்கும் வக்கீல், சில சமயம் கோர்ட் அமீனாவோடு போய் நிற்பது. அவருக்கு மாதச் சம்பளம் உண்டா, சொந்த வீடு உண்டா, வங்கிக் கணக்கு எங்கே?

சம்பளக்காரர் என்றால் சட்டம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. முதல் 1,000 ரூபாயைத் தொடக்கூடாது. மீதியில் மூன்றில் ஒரு பங்கைப் பிடிக்கலாம். 25,000 சம்பளம் என்றால் மாதம் 8,000. ஒரே டிக்ரிக்கு மொத்தம் 24 மாதம்தான் இப்படிப் பிடிக்க முடியும். 60,000 ரூபாய் அட்வான்ஸ் எட்டு மாதத்தில் வந்துவிடும். சம்பளமும் இல்லை, சொத்தும் இல்லை, ஊரெல்லாம் கடன் என்றால் டிக்ரி சட்டம் போட்டு மாட்டத்தான் உதவும். டிக்ரிக்கு 12 ஆண்டு உயிர் உண்டு என்பது மட்டும் ஆறுதல். நுகர்வோர் ஆணையத்தின் உத்தரவுக்கு இன்னும் கொஞ்சம் பல் உண்டு: மதிக்காதவருக்கு ஒரு மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 25,000 முதல் ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

19. “ஜெயித்தால் செலவெல்லாம் அவர் தலையில்தானே” என்று கணக்கை மூடிவிடாதீர்கள். தீர்ப்பில் செலவுத் தொகை சேர்ப்பது நீதிபதியின் விருப்பம். அப்படிச் சேர்த்தாலும் கோர்ட் ஃபீயும் விதிப்படி அனுமதித்த வக்கீல் கட்டணமும் வரும். நீங்கள் நிஜமாகக் கொடுத்த ஃபீஸும் லீவு போட்ட நாட்களும் வராது. பொய்யென்று தெரிந்தே எதிர்வாதம் செய்தவர்களிடம் வாங்கித்தரும் ஈட்டுத்தொகைக்கு சிவில் நடைமுறைச் சட்டத்தின் 35ஏ பிரிவு வைத்திருக்கும் உச்சவரம்பு வெறும் 3,000 ரூபாய். ஆகவே செலவுக் கணக்கைத் திரும்பி வராத பணமாகவே போடுங்கள். வந்தால் லாபம்.

20. எல்லாவற்றையும் கூட்டுங்கள்: கோர்ட் ஃபீ, வக்கீல், பேட்டா, நகல், மொழிபெயர்ப்பு, முத்திரை அபராதம், போக்குவரத்து, லீவு, நிறைவேற்று மனு. என் அளவுகோல் இதுதான்: கூட்டுத்தொகை நீங்கள் கேட்கும் பணத்தில் மூன்றில் ஒன்றுக்குள் இருந்தால் தைரியமாகப் போடுங்கள். பாதியைத் தாண்டினால் சமரசம்தான் லாபம். 60,000 தர வேண்டிய வீட்டுக்காரர் “சுண்ணாம்புக்கும் ரிப்பேருக்கும் போக 45,000 இன்றே தருகிறேன்” என்றால் அது அநியாயம்தான். ஆனால் 18,000 செலவழித்து இரண்டு வருடம் கழித்து 60,000 வாங்கினால் கையில் நிற்பது 42,000. வாங்கும்போது ரசீதில் “முழுத் தீர்வையாக” என்று எழுதித் தரச் சொன்னால் யோசித்துக் கையெழுத்துப் போடுங்கள். போட்ட பிறகு மீதியைக் கேட்பது கடினம்.

21. இலவச வக்கீலுக்கு உங்களுக்கு உரிமை இருக்கிறதா என்று கடைசியாகப் பாருங்கள். உண்மையில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 1987 ஆம் ஆண்டுச் சட்ட சேவைகள் ஆணையச் சட்டத்தின்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு அரசுச் செலவில் வக்கீல் உண்டு. பெண்களுக்கு வருமான வரம்பே இல்லை. மாதம் லட்ச ரூபாய் சம்பாதிக்கும் பெண்ணும் கேட்கலாம். மற்றவர்களுக்கு மாநிலம் வைத்திருக்கும் வருமான வரம்புக்குள் இருந்தால் போதும். கோர்ட் ஃபீயும் பேட்டாவும் இந்த உதவியில் அடங்கும். வீட்டு ஒப்பந்தமோ கடன் பத்திரமோ உங்கள் வீட்டில் ஒரு பெண்ணின் பெயரில் இருந்தால், வக்காலத்தில் கையெழுத்துப் போடும் முன் மைசூரு மாவட்டச் சட்ட சேவைகள் ஆணையத்துக்கு அவரையே அனுப்புங்கள். அழைக்க வேண்டிய எண் 15100. அதற்கும் கட்டணம் இல்லை.